வைத்திருக்க வேண்டாமா?

டிலோஜினி காலையில் கந்தோரைத் திறந்து, கணினியைப் போட்டு, தேநீரில் ஒரு மிடறு குடித்துவிட்டுத் தேடியபோது இராசேந்திரத்தின் குரல் அங்கே இல்லை. எழுத்துப் பிழையாக்கும் என்று மறுபடி அடித்தாள். இல்லை. பேசாலை என்று ஊர்ப் பெயரை அடித்தாள். பேசாலைக் குரல்கள் ஒன்றுகூட இல்லை. மறிச்சுக்கட்டியிலிருந்து நேற்று ஏறியவை மட்டும், பந்தியில் முதலில் இடம் பிடித்தவர்கள் மாதிரி, வரிசையாக உட்கார்ந்திருந்தன.

மன்னார்ப் பட்டினத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைக்குக் குரல் நூலகம் என்று பெயர். புத்தகம் மருந்துக்கும் கிடையாது. சண்டைக் காலத்தில் குடும்பங்கள் பாதி இந்தியாவில் மண்டபம் முகாமிலும் பாதி புத்தளத்திலும் பாதி ஊரிலுமாகக் கிடந்தன. ஒரு குடும்பத்துக்கு மூன்று பாதி இருந்த காலம் அது. எழுதத் தெரியாதவர்களும் எழுதிக் களைத்தவர்களும் கசெற்றில் பேசி, போகிறவர் வருகிறவர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கசெற்றுகளைத் தேடிப் பிடித்து, பூஞ்சணம் துடைத்து, கணினிக்கு மாற்றி, யாரும் பெயரைப் போட்டுத் தேடிக் கேட்கும்படி அடுக்கி வைப்பது டிலோஜினியின் வேலை. அவளும் மண்டபம் முகாமில் பிறந்து, பள்ளிக்கூட வயதில் கடல் தாண்டித் திரும்பி வந்தவள்தான்.

ஆனால் வீட்டிலிருக்கும் கசெற்றை யார் பஸ்ஸேற்றி மன்னாருக்கு அனுப்புவார்கள்? தாலிக்கொடியைக் கேட்டாலும் கழற்றித் தருவார்கள், கசெற்றைத் தரமாட்டார்கள். அதனால் நூலகத்தை ஊர்களிலிருந்தே கட்ட வழி செய்ய வேண்டும் என்று டிலோஜினி முடிவெடுத்தாள். பேசாலையில் ஜூலியட்டுக்கும் மறிச்சுக்கட்டியில் ஷிஹாபுக்கும் ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தாள். அவர்கள் தங்கள் ஊரில் இருந்தபடியே தொகுப்பைத் திறந்தால் மன்னார் சேர்வரிலிருந்து ஒரு பிரதி இறங்கி வரும். புதுக் குரல்களைச் சேர்த்துவிட்டு ‘கட்டு’ என்ற பொத்தானை அமுக்கினால் எல்லாம் திரும்ப மேலே ஏறி, நூலகம் புதிதாகக் கட்டப்படும். சொல்ல இவ்வளவுதான். செய்ய மாரிகாலம் முழுக்க எடுத்தது. ஒரு நாள் கடவுச்சொல் ஏறாது, ஒரு நாள் சேர்வர் ஆளையே தெரியாது என்று சொல்லும், ஒரு நாள் மறிச்சுக்கட்டியில் சிக்னல் காட்டுக்குள் போய்விடும். போன கிழமைதான் எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. அந்தச் சந்தோசத்தில் அவள் கால் நிலத்தில் படவில்லை.

இப்போது அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்து மணி பஸ்ஸில் பேசாலையிலிருந்து மெற்றில்டாவும் மகன் நிலக்சனும் வருகிறார்கள். இராசேந்திரத்தைக் கேட்க வருகிறார்கள்.

இராசேந்திரம் மெற்றில்டாவின் புருசன். பிரச்சினைக்குப் பயந்து ஆட்களோடு ஆட்களாகப் படகேறி மண்டபத்துக்குப் போனார். வயிற்றில் பிள்ளையோடு கடல் தாண்டப் பயந்து மெற்றில்டா பேசாலையிலேயே நின்றுவிட்டார். மண்டபத்திலிருந்து அவருடைய ஒரேயொரு கசெற் வந்தது. பிறகு பிள்ளை பிறக்கும் நேரத்துக்கு ஊர் திரும்பப் படகேறினாராம். அந்தப் படகு எந்தக் கரைக்கும் வரவில்லை. செத்தவராக நினைத்துப் பூசை வைப்பதா, காத்திருப்பதா என்று தெரியாமலே மெற்றில்டாவின் தலை நரைத்துவிட்டது.

கசெற்றின் முதல் பக்கத்தை அயல் வீட்டு றேடியோவில் தெருவே கூடிக் கேட்டது. அதில் முழுக்க அவருக்கு இவருக்குச் சுகம் விசாரிப்புத்தான். ‘மற்றதை மற்றப் பக்கத்தில சொல்லுறன்’ என்று முடித்திருந்தார். மற்றப் பக்கம் போட்டதும் றேடியோ நாடாவைத் தின்னத் தொடங்கியது. பென்சிலால் சுற்றி எடுத்து, பால்மா ரின்னுக்குள் போட்டு மூடி வைத்தவர்தான் மெற்றில்டா. அதற்குப் பிறகு அதை எந்தப் பெட்டியிலும் போட விடவில்லை. இத்தனை வருசம் கழித்து டிலோஜினியை நம்பி, தானே மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

டிலோஜினி அதை ஒரு முறைதான் ஓட்டினாள். ஓடி முடிந்தபோது நாடாவின் மண்ணிறப் பூச்சு உரிந்து தூளாகக் கொட்டியது. இனி அந்தக் கசெற் வெறும் பிளாஸ்ரிக். பரவாயில்லை, கணினியில் ஏறிவிட்டது என்று அவள் ஆறுதல்பட்டாள். சேர்வரில் ஏற்றினாள். தன் கணினியில் இடம் போதாமல் மூலப் பிரதியை அழித்தாள். சேர்வரில் இருக்குத்தானே. சேர்வரின் மறுபிரதித் தட்டைப் புது இணைப்பு வேலைக்காகக் கழற்றி வைத்திருந்தாள். நாளைக்குப் பூட்டலாம்தானே. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறதென்பது இதுதான்.

போனில் அனுப்பட்டுமா என்று கேட்டபோது மெற்றில்டா வேண்டாம் என்றார். மகன் கடல் தொழிலிலிருந்து வரட்டும், இரண்டு பேரும் கதிரையில் இருந்து கேட்கிறோம், போனில் கேட்கிற குரல் இல்லை அது என்றார். டிலோஜினிக்கும் அது பிடித்திருந்தது. புது நூலகத்தின் திரையில் அவர் பெயர் வர, தாயும் மகனும் கேட்பதை அவள் மனதுக்குள் பல தரம் பார்த்துவிட்டாள். அந்த ஆசையை நினைக்க இப்போது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அழிந்ததை மீட்கும் வித்தைகள் அத்தனையும் செய்து பார்த்தாள். பழையவை கிடந்த இடத்திலேயே புதியவை ஏறிக் குந்தியிருந்தன. மறிச்சுக்கட்டிக்கு அழைத்தாள். ஷிஹாப் போனை எடுக்கும்போதே மகிழ்ச்சியாக இருந்தார். புத்தளத்து முகாம் குரல்கள் எல்லாம் ஏறிவிட்டனவாம், அல்ஹம்துலில்லாஹ்வாம்.

ஏற்றும்போது கணினி ஏதும் கேட்டதா என்று அவள் விசாரித்தாள்.

“கேட்டதுதான், தங்கச்சி. பழைய கோப்புகளை வைத்திருக்க வேண்டாமா எண்டு கேட்டிச்சு. பின்ன, வைச்சிருக்கத்தானே வேணும்? ஓம் எண்டு குடுத்தன்.”



அந்தக் கேள்வி கணினியின் கேள்வி இல்லை. அவள் எழுதிய கேள்வி. முதலில் அது ‘பழைய கோப்புகளை அழிக்கவா?’ என்றுதான் இருந்தது. பழகும் நாட்களில் அழிக்கவா என்ற சொல்லைக் கண்டதும் ஜூலியட் கையை எடுத்துவிட்டு, தனக்கு இந்த வேலை வேண்டாம் என்றார். ஷிஹாப் மடிக்கணினியையே மூடிவிட்டார். எல்லாம் அழிந்து திரும்பி வந்த சனத்திடம் இந்தச் சொல்லைக் காட்டலாமா என்று டிலோஜினி இரக்கப்பட்டாள். சொல்லை மென்மையாக்கினாள். ஆம் என்பதைக்கூட ஊர்ப்பேச்சில் ஓம் ஆக்கினாள். ‘பழைய கோப்புகளை வைத்திருக்க வேண்டாமா?’ ஓம் என்றால் ஓம், வேண்டாம், அழித்துவிடு. கணினிக்கு அப்படி. ஆனால் ‘பிள்ளை சாப்பிட வேண்டாமா?’ என்று கேட்டால், ஓம், பட்டினி போடுங்கோ என்று எந்தத் தமிழர் பதில் சொல்வார்?

நூலகத்தில் இருந்த மற்றவர்களின் கசெற்றுகள் அவரவர் வீட்டில் பத்திரமாக இருந்தன. திரும்ப ஏற்றலாம். இராசேந்திரம் மட்டும் எங்கும் இல்லை.

ஷிஹாப் மறுமுனையில் ஏதும் பிழையோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உங்களில் பிழை இல்லை, ஷிஹாப் நானா என்று சொல்லி அவள் வைத்தபோதுதான் ஜூலியட்டின் நினைவு வந்தது. நேற்று ஞாயிறு, பேசாலை வாசிகசாலை திறப்பதில்லை; ஜூலியட் கடைசியாகத் தொகுப்பைத் திறந்தது சனிக்கிழமை. அப்போது இராசேந்திரம் சேர்வரில் இருந்தார். அப்படியானால் அந்த மடிக்கணினியில் அவருடைய பிரதி ஒன்று இறங்கியிருக்கும். இன்ரநெற் இல்லாமல் திறந்தால் எடுத்துவிடலாம். இன்ரநெற்றோடு திறந்தால் அது மன்னாரோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதே கேள்வியைக் கேட்கும்.

ஜூலியட்டின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. காலைப் பூசைக்குப் போகிறவர், போனை ஊமையாக்கிவிட்டு மறந்துபோகிறவர். டிலோஜினி ஸ்கூட்டியை எடுத்தாள். தலைமன்னார் வீதியில் அவள் அன்று போன வேகத்தில் ஒருநாளும் போனதில்லை. தோட்டவெளியில் கழுதைகள் நடுவீதியில் நின்று, ஹோர்ன் அடித்தும் அசையாமல் அவளைப் பார்த்தன. அவள் அழுதுகொண்டே அவற்றைச் சுற்றிப் போனாள். மாதாவே, அந்த மனுசி இன்றைக்கு ஒரு நாள் சோம்பேறியாக இருக்கட்டும் என்று நேர்ந்தாள். சோம்பலை வேண்டி மாதாவுக்கு நேர்ந்தவள் பேசாலை வீதியில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஜூலியட் சோம்பேறி இல்லை. வாசிகசாலையில் மடிக்கணினி திறந்து கிடந்தது, பக்கத்தில் போன் இன்ரநெற் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் வந்ததும் முதல் வேலையாகத் தொகுப்பைத் திறக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததே டிலோஜினிதான். அவளைக் கண்டதும் ஜூலியட் எழும்பி, எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரியே செய்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார்.

“கேள்வி வந்ததோ, அக்கா?”

“வந்தது. ஓம் எண்டு குடுத்தனான்.”

டிலோஜினி குனிந்து பார்த்தாள். மறிச்சுக்கட்டிக் குரல்கள் இங்கேயும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கோப்புகள் கிடக்கும் இடமெல்லாம் திறந்து பார்த்தாள், குப்பைக்கூடையைக் கிளறினாள். ஜூலியட் பின்னால் நின்று, என்ன பிள்ளை, என்ன பிள்ளை என்று கேட்டார். அவள் மடிக்கணினியை மூடினாள். செத்துப்போகலாம் போல இருந்தது.

வெளியே வந்தாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததென்று சனம் சந்தோசத்துக்குச் சொல்கிறது. அன்று அவளுக்கு முன்னால் பஸ் தரிப்பில் நின்றது மெற்றில்டா. பூசைக்கு உடுக்கும் வெள்ளைச் சேலை, தலையில் எண்ணெய். பக்கத்தில் நிலக்சன் மடிப்புக் கலையாத சேட்டில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

“எங்களைக் கூட்டிக்கொண்டு போகவோ வந்தனீங்கள்?” என்றார் மெற்றில்டா. முகம் முழுக்கச் சிரிப்பு.

டிலோஜினி சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. ஓம், வேண்டாம், சேர்வர், பிரதி என்று என்னென்னவோ வந்தன. அதில் மெற்றில்டாவுக்கு ஒன்று மட்டும் விளங்கியது. பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் ஏறுங்கோ என்றான். யாரும் ஏறவில்லை, பஸ் போனது.

“போனில ஒருக்கா அனுப்பியிருக்கலாம், அக்கா,” என்றான் நிலக்சன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும்.

மெற்றில்டா தரிப்பின் சீமெந்துக் கட்டின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.  பிறகு கேட்டார்: “நீ கேட்டனிதானே, பிள்ளை? சொல்லு.”

ஓம், உலகத்திலேயே இரண்டாம் பக்கத்தைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனால் அவள் கேட்கவா செய்தாள்? சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கோட்டையல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள். நினைவில் இருந்ததையெல்லாம் வழித்து எடுத்தாள். அவர் இருமினார். தகரக் கூரையில் மழை பெய்தது. பக்கத்து அறையில் யாரோ குழந்தையை உறங்க வைத்தார்கள். முகாம் அரிசி புழுங்கல் மணம் என்று குறைப்பட்டார். மெற்றில்டா வைக்கும் சூடைமீன் சொதியைச் சொன்னார்.

“சொதியைச் சொன்னவரோ,” என்றார் மெற்றில்டா. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார்.

“அதுக்குப் பிறகு?” என்றான் நிலக்சன்.

அதற்குப் பிறகு டிலோஜினிக்குப் போன் வந்தது. சேர்வர் விசயமாக யாரோ. அவள் வெளியே போய்ப் பேசினாள். உள்ளே கசெற் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வந்தபோது நாடா முடிந்து கிடந்தது.

“என்னைப் பற்றி அப்பா ஒண்டும் சொல்லேல்லையோ, அக்கா?”

ஓம் என்று அவள் வாய் வரை வந்தது. ஓம் சொன்னவர் என்று சொல்லிவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் இப்படிக் கேட்கிற கேள்விக்கு ஓம் என்றால் எது போகும், எது மிஞ்சும் என்று இனி அவளுக்குத் தெரியாது. பொய் சொல்லவும் தைரியம் வரவில்லை.

“எனக்குத் தெரியாது, தம்பி,” என்றாள். “நான் அந்த இடம் கேக்கேல்லை. எழும்பிப் போயிட்டன்.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்தக் கடலில் ஒவ்வொரு நாளும் வலை போடுகிறவன், கடலைப் பார்க்காமல் வீதியைப் பார்த்தான். டிலோஜினி வீதியிலேயே நின்று விம்மி அழுதாள். ஜூலியட் வாசிகசாலை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

மெற்றில்டா எழும்பினார். சேலையைத் தட்டி, மகனுடைய சேட்டுக் கொலரைச் சரி செய்தார்.

“உன்னைப் பற்றிச் சொல்லாமல் இருப்பாரோ, மோனே?” என்றார்.

அதுவும் ஒரு கேள்விதான்.

“ஓம், அம்மா,” என்றான் நிலக்சன். எதற்கு ஓம் என்றான் என்று டிலோஜினிக்கு விளங்கவில்லை. எதற்கென்று தாய் கேட்கவுமில்லை. அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.