நாற்பது சென்டிமீட்டர் பொய்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. சிம் கார்டு மாற்றப் போன கடையில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணிடமிருந்து கறந்தது. பழைய மீட்டர்களையும் பம்புகளையும் வாய் திறக்க வைத்து, அவை சொல்வதைக் கைபேசிக் கோபுரம் வழியாகத் தூரத்து அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பது அவள் தொழில். எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். எழுதலாம், ஆனால் தன்னை வீராங்கனையாகவும், கதையில் வரும் தன் மாமாவைத் திருடராகவும் ஆக்கக் கூடாது என்றாள். முதல் நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டேன். இரண்டாவதற்குத் தலையை ஒரு மாதிரி ஆட்டிவைத்தேன்.

2

கருமேகங்கள் குன்றைச் சூழ்ந்திருந்த அந்த

(வேண்டாம். அன்று சுள்ளென்று வெயிலாம்.)

ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் ஒரு மௌனம்

(இது அதைவிட மோசம். கை கழுவிவிட்டு வருகிறேன்.)

3

இணைப்புக்காரி என்றே அவளை அழைப்போம். காலை ஒன்பது மணிக்குக் குன்றின்மேல் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தாள். தொட்டியை ஒட்டி ஒரு பம்ப் அறை. அதன் சுவரில் நீர்மட்டம் காட்டும் மீட்டர், வயது பதினெட்டு. முகப்புக் கண்ணாடி மங்கி, அதன் எண்கள் பழகிய கண்ணுக்கு மட்டுமே தெரியும். கீழ்ப்பக்கம் கம்பி மாட்ட இடம் இருந்தும் யாரும் மாட்டியதில்லை. கேட்டால் மட்டும் பதில் சொல்லும் ரகம் அது. யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

அறையைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர் அவளுடைய அக்கா கணவர், அந்த மாமா. தினமும் காலையில் மீட்டரைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்வார். அங்கே கணினித் திரைமுன் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மட்டம் மூன்று மீட்டரைத் தொட்டால் பம்பை நிறுத்தச் சொல்வது அந்தத் திரைக்காரரின் வேலை. இனி மாமா போன் செய்ய வேண்டாம், அவள் பொருத்தப்போகும் பெட்டியே சொல்லிவிடும்.

மடிக்கணினியை மீட்டரோடு இணைத்துக் கேட்டாள். மூன்று புள்ளி பூஜ்யம் இரண்டு என்றது. பதிவேட்டில் அன்றைய காலைக் கணக்கு இரண்டு புள்ளி ஆறு இரண்டு. நடுவில் பம்ப் ஓடவும் இல்லை, தெருக்களுக்குத் தண்ணீர் திறக்கவும் இல்லை.

தன் வேலையில்தான் கோளாறு என்று நினைத்தாள். கம்பிகளைக் கழற்றி மாட்டினாள். தகவல் போகும் வேகத்தைச் சரிபார்த்தாள். வேறு கேபிள் போட்டாள். கணக்கில் இடித்த நாற்பது சென்டிமீட்டரை மூன்று மணி நேரம் தேடினாள். மாமா இரண்டு தடவை டீ கொண்டுவந்து கொடுத்தார். போதாக்குறைக்கு, கம்பியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும்படி யோசனையும் சொன்னார்.

(இந்த இடத்தில் அவரைத் திருடராக்கிவிட எனக்குக் கை துறுதுறுத்தது.)

கடைசியில் அளவு நாடாவோடு அவளே தொட்டி மேல் ஏறினாள். மூன்று புள்ளி பூஜ்யம் இரண்டு. இறங்கி வந்தபோது மாமா டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே கழுவிய டம்ளரை.

"மீட்டர் சரி, நாடாவும் சரி. அப்ப தப்பு யாரு மாமா?"

"நான்தான்."

"எத்தன வருஷமா?"

"ஆறு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவதான் சொல்லியே கொடுத்தா."

4

அக்கா நர்ஸ். மேட்டுத் தெருவில் ஒரு பிரசவ வீட்டுக்குப் போனபோது, குழந்தை பெற்று ஒன்பது நாள் ஆன பெண் குடத்தோடு மேடேறி வருவதைப் பார்த்தாள். தொட்டியில் மூன்று மீட்டர் நின்றால் மற்ற தெருக்களுக்கெல்லாம் தண்ணீர் வரும், அங்கே மட்டும் வராது. இன்னும் நாற்பது சென்டிமீட்டர் ஏறினால் வரும். மாமா நான்கு முறை மனுக் கொடுத்தார். பதில் இல்லை. அதன்பிறகு அக்கா கணக்குப் போட்டாள், மாமா நாற்பதைக் கழித்துச் சொல்ல ஆரம்பித்தார்.

(இவ்வளவு நல்லவரா என்று இணைப்புக்காரியைக் கேட்டேன். மழை நாளில் அறைக்கே போகாமல் வீட்டிலிருந்து குத்துமதிப்பாக எண் சொன்னதும் உண்டாம். கேட்டபிறகுதான் எனக்கு அவரைப் பிடித்தது.)

5

அவள் பெட்டியைப் பொருத்தி முடித்ததும் திரைக்காரர் போனில் வந்தார். பெட்டி பதிலே சொல்லவில்லை, பழையபடி ஆபரேட்டரே போன் செய்யட்டுமா என்று கேட்டார். காரணம் அவளுக்குத் தெரியும். கேள்வி கோபுரம் வழியாகப் போய்ப் பதிலோடு திரும்ப இரண்டு நொடி ஆகும். அலுவலகக் கணினியோ அரை நொடிதான் காத்திருக்கும்.

சிக்னல் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். (நான் எழுதிய முதல் முடிவு.) பெட்டியின் அமைப்பில் நாற்பதைக் கழிக்கும்படி போட்டுவிட்டு, மாமாவுக்குப் பதில் இயந்திரத்தைப் பொய் சொல்ல வைத்திருக்கலாம். (இரண்டாவது. எனக்கு மிகவும் பிடித்தது.) அவள் மாமாவைப் பார்த்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செய்திருப்பேன் என்றாள் என்னிடம்.

"சார், மூணு நொடி காத்திருக்கற மாதிரி மாத்துங்க."

மாற்றினார். எண் போய்ச் சேர்ந்தது. ஆபரேட்டர் காலையில் வேறு எண் சொன்னாரே என்று திரைக்காரர் இழுத்தார். அவள் பதில் தேடுவதற்குள் மாமா கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"மீட்டர் சரியாத்தான் சொல்லுது சார். ஆறு வருஷமா நான்தான் கொறச்சுச் சொன்னேன். மேட்டுத் தெருவுக்குத் தண்ணி ஏறல."

திரைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு மீட்டர் நான் வச்ச அளவு இல்லய்யா. தொட்டிச் சுவர் பழசு, விரிசல் விட்டுடும்னு வச்சது. நாளைக்கு நானே வரேன்."

(இவரை வில்லனாக்கத்தான் வைத்திருந்தேன். கெடுத்துவிட்டார்.)

6

மறுநாள் வந்தார். முதலில் தொட்டியைச் சுற்றி நடந்து, வடக்குச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் கசிவதைத் தொட்டுப் பார்த்தார். அது பழையதா, ஆறு வருஷத்தில் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிறகு அக்கா அவரை மேட்டுத் தெருவின் கடைசிக் குழாய்க்கு அழைத்துப் போனாள். மட்டத்தை அன்று மூன்றிலேயே நிறுத்தியிருந்தார்கள். குழாயைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்று வந்தது. வரிசையில் பதினோரு குடங்கள். 

மாமாவுக்கு வேலை போகவில்லை. கண்டிப்புக் கடிதம் ஒன்று வந்தது, அவ்வளவுதான். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே தூக்கம் வராது.

திரைக்காரர் புது அளவைப் பரிந்துரைக்கும் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். அவர் எழுதிய எண் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். ஈரச் சுவரையும் பார்த்துவிட்டீர்கள், காலிக் குடங்களையும் பார்த்துவிட்டீர்கள். இந்தாருங்கள் பேனா. கையெழுத்தும் உங்களுடையதுதான்.

பம்பை நிறுத்த வேண்டிய மட்டம்: ________ மீட்டர்.