சம்பளம் தராத முதலாளி

என் வாயைத்தான் முதலில் தைக்க வேண்டும். பதினாலு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், கடையில் நடந்ததைக் கடையோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். சும்மா இருக்க முடியாமல், சாப்பாடு போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "இன்னைக்கு உங்க முதலாளி கடைக்கு வந்திருந்தாரு. புதுசா கண்ணாடி போட்டுக்கிட்டுப் போறாரு."

அந்த மனிதர் இவருக்கு முதலாளியே இல்லை. இவர் ஒரு நாள்கூட அவரிடம் வேலை பார்த்ததில்லை, ஒரு காசு சம்பளம் வாங்கியதில்லை. அந்தக் காலத்தில் அவர் ஒரு வீடியோ கேம் கம்பெனி நடத்தினார். டிவியில் கேசட்டைச் செருகி விளையாடுவோமே, அது. ஒரு குட்டி மனிதன் கையில் விளக்கோடு ஏணி ஏணியாக ஏறுவான், விழுவான், மறுபடி ஏறுவான். அவ்வளவுதான் விளையாட்டு. கம்பெனியை இழுத்து மூடி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் அதை விளையாடி வளர்ந்த ஒரு கூட்டம் இன்னும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுகிறது. இன்றைக்கு வருவார், நாளைக்குத் திறப்பார் என்று காத்துக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் அதில் முன்வரிசை.

"என்ன கண்ணாடி?" என்று கேட்டார்.

"கிட்டப் பார்க்கறதுக்கும் இல்ல, தூரப் பார்க்கறதுக்கும் இல்ல. கை நீட்டினா எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் தெரியணும்னாரு. கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றவங்க போடுவாங்களே, அந்தப் பவர்."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "மறுபடி உக்கார ஆரம்பிச்சிட்டாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அரை மணி நேரத்தில் கூட்டத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனவர், பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த எக்ஸ்ரே வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். கம்பெனி திறந்ததும் கேமுக்குச் சத்தம் சேர்க்கிற பிரிவுக்கு இவர்தான் தலைவராம். கூட்டம் லிஸ்ட் போட்டு முடிவு செய்துவிட்டதாம். எந்தக் கம்பெனி, எந்தப் பிரிவு, எவனுக்கு எவன் தலைவன்? அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம். இவர் விடிந்தால் அந்த முதலாளி வீட்டு வாசலுக்குப் போய்விடுவார். இருட்டினால் வருவார். வீட்டில் இருக்கிற கொஞ்ச நேரமும் எங்களிடம் விருந்தாளி மாதிரிதான் பேசினார். எங்கள் மகள் பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'கேம் கம்பெனி' என்று எழுதிவிட்டு வந்தாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அப்பன் சொன்னதை நம்பினது அவள் தப்பா?

கடவுள் புண்ணியத்தில் எக்ஸ்ரே பிரிவின் பெரியவர் நல்ல மனிதர். இவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை மேலே அனுப்பாமல் தன் மேஜை டிராயரிலேயே வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போன் செய்தார்.

"இதுக்கு மேல என்னால இழுக்க முடியாதும்மா. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அவர் நேர்ல வந்து லெட்டரத் திரும்ப வாங்கிக்கிட்டா, எதுவுமே நடக்கலன்னு வெச்சுக்கலாம். வரலன்னா அனுப்பிடுவேன். வேற ஆள் ரெடியா நிக்கறாங்க."

"வந்துடுவாரு சார்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. கடை முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, குட்டி ஸ்க்ரூடிரைவரையும் திருகாணி டப்பாவையும் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கண்ணாடியைச் சரிபார்க்க வந்தேன் என்று சொன்னால் யார் கதவைச் சாத்தப் போகிறார்கள்?

நான் போய்ச் சேரும்போது மணி மூன்றே முக்கால். எதிர்நடைபாதையில் இருபத்தைந்து பேர் இருப்பார்கள். பாதிப் பேருக்கு முன்தலையில் முடி இல்லை. ஒருவர் பழைய கேசட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு மூளை ஒரு கணக்கு வாத்தியார். அவர் கையில் அந்த லிஸ்ட். என் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் நின்றிருந்தார். மூன்று வாரத்தில் கழுத்து எலும்பு தெரிகிற அளவுக்கு இளைத்திருந்தார். பார்த்ததும் எனக்குக் கோபம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்.

"என்னங்க, கிளம்புங்க. அஞ்சு மணிக்குள்ள ஆஸ்பத்திரில இருக்கணும்."

"கொஞ்சம் மெதுவாப் பேசு. இன்னைக்கோ நாளைக்கோ சொல்லிடுவாரு."

"இதையேதான் போன வாரமும் சொன்னீங்க. அவர் வாயத் தொறந்து ஆரம்பிக்கப் போறேன்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்காரா?"

"இல்லன்னும் சொல்லலையே! பார்க்கலாம்னுதான் சொல்லியிருக்காரு." எதிர் வீட்டைக் கை காட்டினார். "எனக்கு நாப்பத்தி மூணு வயசாச்சு. இருட்டு ரூம்ல அடுத்தவங்க எலும்பையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். இது ஒண்ணுதான் எனக்கு மிச்சம். விட்டுடுன்னு சொல்றியே."

இதுதான் மிச்சமாம். அப்போது நானும் என் பெண்ணும் எந்தக் கணக்கில்? கேட்டிருப்பேன். நடுத்தெருவில் அழுதுவிடுவேனோ என்று பயந்து கேட்கவில்லை.

"அவரே வந்து இல்லன்னு சொல்லிட்டா?"

"அவர் வாயால சொல்லட்டும். அடுத்த நிமிஷம் உன் பின்னாடி வந்துடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கூட்டமே பார்த்துக்கொண்டிருக்க, நான் ரோட்டைத் தாண்டிப் போய் அந்த வீட்டு மணியை அடித்தேன்.

முதலாளியின் மருமகள் கதவைத் திறந்தாள். கண்ணாடிக் கடையிலிருந்து என்றதும் உள்ளே விட்டாள். "வாங்க. மாமா காலையிலேர்ந்து மூணு சட்டை மாத்திட்டாரு. வாசல்ல கூட்டம் ஜாஸ்தியாச்சுன்னா சட்டை மாறும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். வழவழவென்று சவரம் செய்த முகம். கன்னத்தில் ஒரு சின்னக் கீறல். கண்ணாடி மூக்கில் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. கழற்றி வாங்கி, காதில் மாட்டுகிற கம்பியின் திருகாணியை முடுக்கினேன்.

"இன்னைக்கு எத்தனை பேரும்மா?" என்று கேட்டார். "எனக்குத் தூரத்துல இருக்கறது சரியாத் தெரியல."

"இருபத்தஞ்சு பேர் இருப்பாங்க. சார், நீங்க கம்ப்யூட்டர்ல என்ன வேலை பண்றீங்க?"

"கம்ப்யூட்டரா? இந்த வீட்டுல ஏது கம்ப்யூட்டர்?"

"அப்புறம் இந்தப் பவர்ல எதுக்கு சார் கண்ணாடி கேட்டீங்க?"

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "சவரம் பண்றதுக்கும்மா. வாஷ்பேசினுக்கு முன்னாடி நின்னா என் மூஞ்சியே எனக்குத் தெரிய மாட்டேங்குது. வெட்டிக்கறேன். கண்ணாடி வாங்கினப்ப வாரத்துக்கு ஒரு தடவை பண்ணினாலே பெரிசு. இவங்க வர ஆரம்பிச்சப்புறம் தினமும் பண்ண வேண்டியிருக்கு."

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒரு கிழவரின் தாடிக்காக என் புருஷன் பதினோரு வருஷ வேலையை விட்டிருக்கிறான்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கண்ணாடி, கடிதம், ஐந்து மணி, என் பெண் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கம்பெனிய மறுபடி ஆரம்பிப்பீங்களா சார்? எனக்கு மட்டும் சொல்லுங்க."

"எதை வெச்சும்மா ஆரம்பிக்கறது? கேம் எழுதினது அஞ்சு பசங்க. எனக்கு அதுல ஒரு வரி எழுதத் தெரியாது. வாடகைக்கு ரூம் பிடிச்சேன், டீ வாங்கிக் கொடுத்தேன், எவனும் தூங்காமப் பார்த்துக்கிட்டேன். அஞ்சுல ரெண்டு பேர் போய்ச் சேர்ந்தாச்சு. மிச்ச மூணு பேர் என்கூடப் பேசறதில்ல. பேரு மட்டும் எனக்கு வந்துடுச்சு."

"அதை வாசல்ல வந்து சொல்லிடுங்க. இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் யார்கிட்டயும் பொய் சொல்லலயே. பார்க்கலாம்னுதானே சொன்னேன்."

"அந்தப் பார்க்கலாம்லதான் சார் என் குடும்பம் நடுத்தெருவுல நிக்குது!" நான் கத்தியதில் மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இல்லன்னு சொல்லிட்டா..." ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். "நாளைக்கு யாரும்மா வருவா?"

அடப் பாவி மனுஷா என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் மாமியாரிடம்கூட நான் பணிந்து பேசினதில்லை. அன்றைக்குக் கெஞ்சினேன். "நான் வரேன் சார். வாரா வாரம் வந்து கண்ணாடி தொடச்சுக் குடுக்கறேன். உக்காந்து பேசிட்டுப் போறேன். என் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரேன். இன்னைக்கு அவரை மட்டும் என்கிட்டக் குடுத்துடுங்க." மூக்கிலும் கண்ணிலும் தண்ணீராக ஓடியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தைந்து. அவர் எழுந்து கைத்தடியை எடுத்துக்கொண்டார்.

அவர் கேட் வரைக்கும் நடந்து வருவதைப் பார்த்ததும் கூட்டம் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தது. ஒரு காரோட்டி ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். என் வீட்டுக்காரர் முன்னால் வந்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லணும்ப்பா" என்றார் முதலாளி. "கம்பெனி இனிமே கிடையாது. நான் ஆரம்பிக்கப் போறதில்ல. என்னால முடியாது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தம் வற்றியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மேல் சந்தோஷம். போதும், முடிந்தது, கூட்டிக்கொண்டு போய்விடலாம். கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். குழந்தை மாதிரி ஒரு அடி என்னோடு வந்தார்.

அப்போதுதான் கணக்கு வாத்தியார் வாயைத் திறந்தார்.

"ரெண்டாவது கேம் வர்றதுக்கு முன்னாடி இவர் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா? பேப்பர்காரங்களக் கூப்பிட்டு, இனிமே கேமே கிடையாது, கம்பெனிய மூடறேன்னாரு! மூணு மாசத்துல கேம் வந்துச்சா இல்லையா?"

யாரோ "வந்துச்சு!" என்றார்கள்.

"அன்னைக்கும் இதே வார்த்தை! என்னால முடியாதுன்னாரு! வீட்டுக்குப் போங்கன்னாரு!"

கேசட் வைத்திருந்தவர் ஓவென்று கத்தினார். அதற்கப்புறம் யார் என்ன பேசினார்கள் என்று தனித்தனியாகக் கேட்கவில்லை. கை தட்டினார்கள், கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் நடைபாதையில் உட்கார்ந்து அழுதார்.

"நிஜமாவே இல்லப்பா!" முதலாளி குரலை உயர்த்தினார். கைதட்டல் இன்னும் பெரிதானது. அவர் என் பக்கம் திரும்பினார். "அப்பவும் நான் மூடறதாத்தாம்மா இருந்தேன். அந்தப் பசங்க எனக்குத் தெரியாம எழுதி முடிச்சிட்டாங்க" என்றார். எனக்கு மட்டும்தான் கேட்டது.

"கண்ணு கலங்குது பாருங்க! முதலாளி கண்ணு கலங்குது!" என்று கூட்டம் கத்தியது.

கலங்கித்தான் இருந்தது. இருபத்தைந்து பேர் தன் பெயரைச் சொல்லிக் கூச்சல் போடுவதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை மெதுவாகத் தூக்கி அசைத்தார். என் பக்கம் மறுபடி அவர் பார்க்கவே இல்லை.

என் பிடியிலிருந்து சட்டை நழுவியது.

"என்னங்க! சத்தியம் பண்ணினீங்களே! அவர் வாயால சொன்னா வந்துடறேன்னீங்களே!"

என் வீட்டுக்காரர் திரும்பினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. எங்கள் பெண் பிறந்த அன்றைக்குப் பார்த்தது. என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார்.

"அதான் சொல்லிட்டாரே! இன்னுமா உனக்குப் புரியல? நீ உள்ள போனதாலதான் வெளிய வந்தாரு. எல்லாம் உன்னாலதான்!" என்றார். வாத்தியாரைக் கூப்பிட்டு, "என் பொண்டாட்டிதான் கேட்டுட்டு வந்தா" என்று காட்டினார். நாலைந்து பேர் எனக்குக் கைகூப்பினார்கள். ஒருவர் லிஸ்டில் எனக்கும் ஒரு வேலை போட வேண்டும் என்றார்.

நான் கத்தினேன். தாடி, சவரம், கம்ப்யூட்டரே இல்லாத வீடு, பேசாத மூன்று பேர், எல்லாவற்றையும் கத்தினேன். "உள்ள நடக்கறது வெளிய தெரியக்கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்காரு" என்று வாத்தியார் தலையை ஆட்டினார். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

கைப்பையில் போன் அடித்தது. மணி ஐந்துக்கு எட்டு நிமிஷம். எக்ஸ்ரே பிரிவுப் பெரியவர்.

"கிளம்பிட்டாராம்மா? நான் இன்னும் ரூம்லதான் இருக்கேன். வேணும்னா அஞ்சே காலு வரைக்கும் உக்காந்திருக்கேன்."

வாசலில் யாருக்கு எந்த அறை என்று சண்டை ஆரம்பித்திருந்தது. என் வீட்டுக்காரர் சத்தப் பிரிவுக்கு ஜன்னல் இல்லாத அறைதான் வேண்டும் என்று விரலை நீட்டி வாதாடிக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்" என்றேன். "அவர் வரமாட்டாரு."

"சரிம்மா" என்று அவர் போனை வைத்துவிட்டார். நான் ஒரு தடவைதான் சொன்னேன், நம்பிவிட்டார்.