நேராக்கும் பசை

பல் செட் செய்கிறவருக்குக் கோணல் என்றால் ஆகாது. யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அவர் கண் நேரே முன்பல் வரிசைக்குத்தான் போகும். விருந்துக்குப் போன வீட்டில் சுவர்ப் படம் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தாலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் நிமிர்த்திவிட்டு வந்து உட்காருவார். அவர் மனைவி இதைப் பெருமையாகவும் சொல்வாள், தலையில் அடித்துக்கொண்டும் சொல்வாள். அன்றைய குழம்பைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்பதைப் பொறுத்தது அது.

அவளுடைய அண்ணன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். பல்செட்காரருக்கும் அவருக்கும் ஒரே வயது. கல்யாணத்துக்கு முன்பே சிநேகிதர்கள். அதனால் அண்ணன் மச்சான், இவர் மாப்ளை என்ற முறை வந்த பிறகும் மரியாதை எல்லாம் கிடையாது. நீ, வா, போதான்.

கட்டிங் மாஸ்டரின் வேலை ஆபத்தானது. நீள மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றியிருப்பார்கள். வலது கையால் கத்தி இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இடது கை கத்திக்கு ஒட்டினாற்போலத் துணியை அமுக்கிக்கொண்டே கூட வர வேண்டும். துணி ஒரு நூல் நகர்ந்தாலும் அத்தனை சட்டையும் பாழ். கை நகர மறந்தால் விரல் போய்விடும்.

அந்த இடது கைதான் பக்கவாதத்தில் விழுந்தது. கால் தேறிவிட்டது, பேச்சு தேறிவிட்டது. கை மட்டும் சோம்பேறி மாணவனைப் போலக் கூப்பிட்ட பிறகு யோசித்து எழுந்தது. பயிற்சி கொடுக்கும் பெண் பாசிமணி கோக்கச் சொன்னாள். சின்னச் சின்னப் பொருளாக எடுத்து வைத்தால்தான் விரல்களுக்குப் புத்தி வரும் என்றாள். மச்சான் ஒரு வாரம் கோத்துப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். தான் சட்டை வெட்டப் பிறந்தவன், மாலை கட்ட இல்லை என்று சொல்லிவிட்டார்.

தங்கை விடவில்லை. அண்ணனைக் கையோடு பொம்மைக் கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கே அவரே தேர்ந்தெடுத்ததுதான் அந்தப் பெட்டி. அலையைக் கிழித்துக்கொண்டு பாயும் சாம்பல் நிறப் போர்ப் படகின் படம் மேலே. உள்ளே முழங்கை நீளத்துக்கு அடிப்பகுதி, மேல்தளப் பலகை, மோட்டார், சுக்கான், ரிமோட், அப்புறம் கொசுவின் கால் மாதிரி ஒரு நூறு சில்லறைச் சாமான்.

வேலை பல்செட்காரரின் வீட்டு முன்னறையில் நடந்தது. மூக்குத்தி அளவு டிரில் முதல் லென்ஸ் வைத்த விளக்கு வரை எல்லாமே அவரிடம் இருந்தன. அலமாரி நிறைய யார் யாருடையவோ தாடைகள், பிளாஸ்டர் வார்ப்பில்.

"இத்தன பேரு வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்தா எனக்கு எப்படிடா கை ஓடும்?" என்று மச்சான் முதல் நாளே கேட்டார்.

படகின் வயிறு மாப்ளைக்கு, முதுகு மச்சானுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மோட்டாரும் ஒயரும் சுக்கானும் இவர். மேல்தளத்தில் வருகிற பீரங்கி, குண்டு பீப்பாய், ஓரம் முழுக்க நிற்கும் கைப்பிடிக் கம்பிகள் எல்லாம் அவர், அதுவும் இடது கையால் மட்டும். வலது கை பேன்ட் பாக்கெட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று பயிற்சிப் பெண் கண்டித்துச் சொல்லியிருந்தாள்.

கம்பிகள்தான் உயிரை எடுத்தன. ஊசி கனத்துக் கம்பியைச் சாமணத்தில் பிடித்து, நுனியில் பசை தொட்டு, பலகையில் இருக்கும் துளையில் நிறுத்த வேண்டும். மச்சானின் விரல்கள் கம்பியைப் பிடிப்பதற்குள் நெற்றி வேர்த்துவிடும். பிடித்த கம்பி துளைக்குப் பக்கத்தில் போய் நடுங்கும். உள்ளே இறங்கியதும் ஒரு பக்கமாகச் சாயும். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு பக்க வரிசையை முடித்தார். கல்யாணக் கும்பலில் பந்திக்கு முண்டியடிக்கும் ஆட்களைப் போல ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு திசையில் சாய்ந்து நின்றது. மச்சான் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. "நின்னுடுச்சு பாத்தியா மாப்ள," என்றார்.

அவர் போன பிறகு பல்செட்காரர் விளக்கை அணைக்கத்தான் போனார். கண் வரிசையில் விழுந்தது. முன்னால் நின்ற ஒரு கம்பி ரொம்பவே தலைகுப்புற இருந்தது. அதை மட்டும் எடுத்து நிறுத்தினார். அது நேரானதும் அடுத்தது கோணலாகத் தெரிந்தது. அப்புறம் அதற்கு அடுத்தது. மனைவி சாப்பிடக் கூப்பிட வந்தபோது கடைசிக் கம்பியில் இருந்தார்.

அண்ணன் வைத்ததைத்தானே பிடுங்குகிறீர்கள் என்று அவள் கேட்டாள். லேசாகச் சரி செய்வதாகச் சொன்னார். அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்று சொல்லிவிட்டார்.

மறுமுறை வந்த மச்சான் பெட்டியைத் திறந்ததும் குனிந்து பார்த்தார். வரிசையை விரலால் தடவினார். சீப்புப் பல் மாதிரி இருந்தது.

"என்னடா இது, அன்னைக்கு இப்படி இல்லையே?"

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். பல்செட்காரர் பசை டப்பாவைப் பார்த்தார்.

"இந்தப் பசை அப்படித்தான் மச்சான். காயுறப்ப உள்ளுக்குள்ள இழுக்கும். நீ சுமாரா நிறுத்தினா போதும், அதுவே நேராக்கிடும்."

பல் செட்டுக்கு வார்ப்பு எடுக்கிறவர் சொன்னால் பசை விஷயத்தில் யார்தான் நம்பமாட்டார்கள்? மச்சான் நம்பினார். டப்பாவைக் கையில் எடுத்து மரியாதையோடு பார்த்தார். அதற்குப் பிறகு பயம் விட்டுப்போய் வேகமாகவே வேலை செய்தார். அவர் வைத்துவிட்டுப் போவார், இவர் பிடுங்கி நட்டுவிடுவார். பீரங்கிக்குழல், பீப்பாய், கயிற்று வளையம் எதையும் விடவில்லை. செய்வது தப்பு என்று உறுத்தியபோதெல்லாம், மச்சான் சந்தோஷமாகத்தானே இருக்கிறார் என்று மனதுக்கு ஒரு சால்ஜாப்பும் வைத்திருந்தார்.

துணி ஊறவைக்கும் தொட்டியில் முதல் சோதனை. தண்ணீரைத் தள்ளும் விசிறியின் தண்டு நுழையும் இடத்தில் தண்ணீர் கசிந்தது, கிரீஸ் அப்பினார்கள். ரிமோட்டை இடது பக்கம் திருப்பினால் படகு வலது பக்கம் போனது. உன் வீட்டில் வளர்ந்த படகு அப்படித்தான் இருக்கும் என்று மச்சான் தங்கையைப் பார்த்துச் சொல்ல, அவள் அவர்மேல் தண்ணீரை வாரி அடித்தாள். சுக்கானின் கொக்கியை மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது. படகை மச்சான் தன் வீட்டுக்குத் தூக்கிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காக் குளத்தில் விட்டார்கள். சாம்பல் நிறப் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைப் பிளந்து போனது. நடக்க வந்தவர்கள் நின்றார்கள். ஒருவர் குனிந்து மேல்தளத்தைப் பார்த்துவிட்டு, கடையில் வாங்கியது போலவே இருக்கிறதே என்றார். மச்சான் இடது கையைத் தூக்கிக் காட்டினார். அதன் பிறகுதான் மாப்ளையின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் செய்தியைச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை இதத் தூக்கிட்டுப் போயி மேனேஜர்கிட்ட காட்டினேன். அசந்துட்டாரு மனுஷன். நாளைக்குக் காலையில வந்து ஒரு அடுக்கு வெட்டிக் காட்டு, சரியா வந்தா உன் மேஜை உனக்குன்னு சொல்லிட்டாரு."

பயிற்சிப் பெண் என்ன சொன்னாள் என்று பல்செட்காரர் கேட்டார். அவள் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றாளாம். அவள் பயந்தவள் என்றார் மச்சான். கம்பியை நட்ட கைக்குத் துணியை அமுக்கத் தெரியாதா என்றார்.

 பல்செட்காரர் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தார். ஒரு தடவை படகு திரும்பியது, கூட்டம் கை தட்டியது. இன்னொரு தடவை மச்சான் அவர் தோளில் கை போட்டு, "நீ இல்லன்னா நான் இன்னும் பாசிமணிதான்டா கோத்துக்கிட்டு இருப்பேன்," என்றார். திறந்த வாயால் சிரித்து வைத்தார்.

சாயங்காலம் எப்படியும் சொல்லிவிடுவது என்று அவர் வீட்டுக்கே போனார். மச்சான் செருப்புக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். மச்சான் மனைவி வேலைக்குப் போடும் சட்டையை இஸ்திரி போட்டபடி ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். பல மாதமாக அந்த வீட்டில் யாரும் முணுமுணுத்து அவர் கேட்டதில்லை. கொடுத்த டீயைக் குடித்தார், நாளைக்கு நன்றாக நடக்கும் என்று அவர் வாயே சொன்னது, கிளம்பி வந்துவிட்டார்.

காலையில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கத்தவில்லை. கையில் இருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அந்தக் கத்தி பசை இல்லீங்க, விரலத் திருப்பி ஒட்டித் தராது. போங்க."

மச்சான் வீட்டுக்குப் போன் செய்தால் ஆள் ஆர்வத்தில் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாராம். போனை மறந்து வைத்துவிட்டாராம்.

தொழிற்சாலை வாசலில் காவலாளி விசாரித்துக்கொண்டிருந்ததில் கொஞ்ச நேரம் போனது. அவசரம், குடும்ப விஷயம் என்று சொல்லி உள்ளே ஓடினார். கட்டிங் பகுதி பெரிய கூடம். நீல நிறத் துணி அடுக்கு மேஜை நெடுக விரிந்து கிடந்தது. அதைச் சுற்றிப் பழைய தோழர்கள், ஓரத்தில் மேனேஜர். மச்சான் இடது கையில் இரும்பு வலைக் கையுறை மாட்டி, துணிமேல் வைத்து, இயந்திரத்தை முடுக்கிவிட்டிருந்தார். கத்தி இன்னும் துணியைத் தொடவில்லை. கையுறையின் சுண்டுவிரல் பகுதி நிரம்பாமல் மடங்கிக் கிடந்தது. சுண்டுவிரல் உள்ளே முழுசாகப் போகவில்லை, அது அவருக்கே தெரியவில்லை.

பல்செட்காரர் பக்கத்தில் போய், வேண்டாம் என்று காதோடு சொன்னார். இயந்திர இரைச்சலில் கேட்கவில்லை. மச்சான் சிரித்து, ஓரமாக நின்று பார்க்கும்படி தலையை ஆட்டினார். கத்தியைத் தள்ளக் குனிந்தார்.

"மச்சான், அந்தக் கம்பியெல்லாம் நான் நட்டது."

கத்தித்தான் சொன்னார். அதே நொடியில், வெளி ஆள் இயந்திரத்தை ஒட்டி நிற்பதைக் கண்ட மேனேஜர் எட்டிப் பிளக்கைப் பிடுங்கியிருந்தார். அதனால் கடைசிச் சொற்கள் அமைதியான கூடத்தில் மூலை வரைக்கும் போய் விழுந்தன. தையல் பக்கம் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"எந்தக் கம்பி?" என்றார் மச்சான்.

"எல்லாம். நீ வச்சத எல்லாம் பிடுங்கிட்டு நான் வச்சேன். பீரங்கியும்தான். பசை நேராக்கும்னு சொன்னது பொய்."

யாரோ தும்மினார்கள். மேனேஜர் ரொம்ப நல்ல மனிதர், அவர் தன் கடிகாரத்தைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சான் கையுறையை வலது கையால் விரல் விரலாகக் கழற்றினார். சுண்டுவிரலிடம் வந்தபோதுதான் அதன் நுனி வெறுமையாக இருந்ததைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு மேனேஜரிடம், தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கிங் மேஜையில் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார். மாப்ளையிடம் வந்தபோது அவர் குரலில் கோபமே இல்லை.

"இத நேத்துக் குளத்தங்கரையில சொல்லியிருக்கலாமே நீங்க."

நீங்க. அந்த இரண்டு எழுத்துக் கூடுதல் கன்னத்தில் அறைந்ததைவிட மோசமாக விழுந்தது. பல்செட்காரர் கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தலையைத் தூக்காமல் நடந்து வெளியே வந்தார். விரலைக் காப்பாற்றியாயிற்று என்று அவருக்குத் துளிகூட நிம்மதி வரவில்லை. முந்தின நாள் ஒரே ஆள் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை, தனக்குத் தைரியம் இல்லாத காரணத்தால், மச்சானின் பிழைப்பிடத்தில் அத்தனை பேர் முன்னாலும் சொல்லி அவரைச் சிறுமைப்படுத்திவிட்டோம் என்பது வீடு வரைக்கும் கூடவே வந்தது. அன்று ஒரு வாடிக்கையாளரின் பல் செட்டைக் கையில் எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க மச்சான் வரவில்லை. தங்கைதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எல்லாக் கம்பியையும் பிடுங்கிப்போட்டுட்டு மறுபடி நட்டுக்கிட்டு இருக்காரு. எதுக்குண்ணேன்னு கேட்டா, என் கை எந்த நெலமையில இருக்குன்னு நான் பாக்க வேணாமான்னு கேக்குறாரு."

ஞாயிற்றுக்கிழமை பல்செட்காரர் குளத்துக்குப் போனார். கூப்பிடாமல்தான் போனார். மச்சான் எதிர்க்கரையில் தனியாக நின்று படகை ஓட்டிக்கொண்டிருந்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. படகு நடுக்குளம் தாண்டி இந்தக் கரைப் பக்கம் வந்து, ஓரத்துக் கொடியில் விசிறி சிக்கி, முனகிவிட்டு நின்றது. பல்செட்காரரின் காலுக்கு அருகில்தான் நின்றது. குனிந்தால் எடுத்துவிடலாம். மேல்தளக் கம்பிகள் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. இரண்டு இடத்தில் பசை கட்டிகட்டியாக வழிந்திருந்தது.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மச்சான் குளத்தைச் சுற்றி நடந்து வந்தார். பக்கத்தில் மண்டியிட்டார். வலது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இடது கையைத் தண்ணீரில் விட்டார். விரல்கள் கொடியைப் பிடித்தன, வழுக்கின. மறுபடி பிடித்தன. ஒரு இழை வந்தது. இன்னொன்று இன்னும் இறுகிக்கொண்டது. பல்செட்காரருக்குப் பின்னால் கட்டிய கைகள் ஒன்றை ஒன்று நெரித்தன. இப்படித் திருப்பினால் ஒரு நிமிஷ வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

மச்சான் தலை நிமிராமல் கேட்டார்.

"சும்மா நிக்கிறது கஷ்டமா இருக்கா?"

"இருக்கு மச்சான்."

"இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அடுத்த இழையைத் தேடினார்.