பெட்டியில் இல்லாத அட்டை

மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறாள், விரலை அல்ல, உள்ளங்கையை அல்ல, மணிக்கட்டை, கரண்டியைக் காம்பில் பிடிப்பதுபோல, என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல், என் கை அவளுக்கு எட்டாததை எட்ட உதவும் ஒரு சாமான், அதன் மறுமுனையில் ஓர் ஆள் ஒட்டிக்கொண்டிருப்பது கொஞ்சம் இடைஞ்சல், அவ்வளவுதான், வாசற்கதவிலிருந்து ஹாலுக்குள் இழுக்கிறாள், ஒரு காலில் ஷூ மாட்டியாகிவிட்டது, இன்னொரு காலில் வெறும் சாக்ஸ், பயிற்சி சென்டருக்குக் கிளம்பவேண்டிய நேரம், வா செவ்வந்தி, ஆட்டோ வந்துரும், நான் சொல்வது அவள் காதில் விழுகிறது, விழாது என்று ஊர் நினைக்கிறது, பக்கத்துத் தெருவில் குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறவள், என் மகள், ஏழு வயது, வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை, ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்கு எது நல்லது என்று சொல்ல எல்லோருக்கும் வாய் இருக்கிறது, அவளைத் தவிர.

எதையெல்லாம் வாங்கினோம், நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன், பல்லாவரத்து வெயிலில், மின்விசிறிக்கு அடியிலேயே வேர்த்துக் கொட்டுகிற வீட்டில், உள்ளே மணல் வைத்துத் தைத்த கனமான மேல்சட்டை, போட்டால் பிள்ளை அமைதியாகிவிடும் என்றார்கள், அமைதியாகத்தான் ஆனாள், உடம்பெல்லாம் வேர்க்குரு வந்து சுருண்டு படுத்துவிட்டாள், பிறகு மூளைக்கு என்று ஒரு சிரப், நிறம் மாறுகிற விளக்கு, தோலில் தேய்க்க ஒரு பிரஷ், அடுக்க வளையம், கோக்க மணி, என் மனைவி செண்பகத்தின் சித்தப்பா வாட்ஸப்பில் அனுப்பி வைத்ததெல்லாம் தனி, இதையெல்லாம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்கியிருந்தால் பாதி கடையிலேயே நின்றிருக்கும், இது பிள்ளைக்கு உதவுமா, இல்லை, பிள்ளை சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்கிற பெரியவர்களுக்கு உதவுமா, யாரும் கேட்கவில்லை, விற்கிறவன் கேட்பானா, கடைசியில் சென்டரிலேயே காசு வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள் ஒரு பெட்டியை, உள்ளே படம் போட்ட அட்டைகள், பேச்சு வராத பிள்ளை தனக்கு வேண்டியதன் படத்தை எடுத்து நம் கையில் வைக்கவேண்டும், நாம் அந்தப் பொருளைக் கொடுக்கவேண்டும், உருப்படியான யோசனை, அதில் நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் அட்டைகளைப் பார்க்கவேண்டுமே, தண்ணீர் என்றால் பனிக்கட்டி மிதக்கிற கண்ணாடிக் கோப்பை, எங்கள் வீட்டுத் தண்ணீர் நீலக் கேனிலிருந்து எவர்சில்வர் டம்ளருக்கு வருகிறது, குளியல் என்றால் நுரை ததும்பும் தொட்டி, எங்களுடையது பக்கெட்டும் மக்கும், சாப்பாடு என்றால் நடுவில் இலை செருகிய ரொட்டி, மழைக்கோட்டு போட்ட கரடி ஒன்று வேறு, அது எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, செவ்வந்தி அட்டையைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை, புரிதல் குறைவு என்றார்கள் சென்டரில், அவளுக்காம்.

அதைவிடக் கூத்து நாங்கள் செய்தது, காசு போட்டு வாங்கிய பெட்டி கசங்கக் கூடாதென்று, கவரைக்கூட முழுதாகப் பிரிக்காமல் ஷோகேஸில் வைத்துப் பூட்டினோம், கல்யாணத்துக்கு வந்த கண்ணாடித் தட்டுகளுக்கும் தலையாட்டிப் பொம்மைக்கும் நடுவில், சாயங்காலம் பாடத்துக்கு மட்டும் திறப்போம், முடிந்ததும் துணியால் துடைத்து உள்ளே வைப்போம், பிள்ளையின் வாயைப் பூட்டிச் சாவியை டிவிக்குப் பின்னால் வைத்த வீடு எங்களுடையது மட்டுமாகத்தான் இருக்கும், இல்லை, எத்தனை வீட்டு ஷோகேஸில் எத்தனை பிள்ளைகளின் வாய் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறதோ, அப்படி ஒருநாள் சாயங்காலம் அவள் என் மணிக்கட்டைப் பிடித்து ஷோகேஸுக்கு இழுத்துக்கொண்டு போகிறாள், கண்ணாடியில் என் விரல்களை வைத்துத் தேய்க்கிறாள், நான் தலையாட்டிப் பொம்மையை எடுத்துக் கொடுக்கிறேன், வீசுகிறாள், கண்ணாடித் தட்டைக் காட்டுகிறேன், தன் கையைத் தானே கடித்துக்கொள்கிறாள், புறங்கையில் அந்த இடம் ஏற்கெனவே காய்த்துப்போயிருக்கிறது, வங்கியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற செண்பகம் சொல்கிறாள், ஏங்க, அவ பெட்டியக் கேக்குறா, பூட்டி வச்சா எப்படிக் கேப்பா, அன்றைக்கே ஒட்டவும் பிய்க்கவும் வருகிற ஒட்டுப்பட்டை வாங்கி அடுப்படிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அவள் நெஞ்சு உயரத்துக்கு ஒட்டினோம், எங்கள் டம்ளரை, எங்கள் பக்கெட்டை, எங்கள் இட்லியைப் போனில் படம் பிடித்து, கடையில் பிரிண்ட் போட்டு லேமினேஷன் செய்து தொங்கவிட்டோம், அவள் டம்ளரைப் பிய்த்து எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போய்க் கேனுக்குப் பக்கத்தில் நின்றாள், இத்தனை நாளாக நான்தான் மந்தம் என்பதுபோல.

நான் பேசிப் பிழைத்தவன், இரவெல்லாம் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை, சேர்ந்ததும் பயிற்சி கொடுத்தார்கள், இல்லை, முடியாது, வேண்டாம், இவை உன் வாயில் வரவே கூடாது, எவன் என்ன திட்டினாலும் உங்கள் சிரமம் புரிகிறது என்று சொல், ஒருவன் என் நாட்டை, என் உச்சரிப்பை, என் அம்மாவை வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தான், உங்கள் சிரமம் புரிகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், நடுவில் காதிலிருந்து கழற்றி மேசையில் வைத்தேன், அவன் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், அப்புறம் போகவில்லை, வேலையில் நிலைக்கத் தெரியாதவன் என்று சித்தப்பா இன்றும் சொல்கிறார், சொல்லட்டும், செண்பகம் சம்பாதிக்கிறாள், நான் செவ்வந்தியைப் பார்த்துக்கொள்கிறேன், பகலில் கண் விழித்திருப்பது எப்படி என்று எனக்கு அவள்தான் பழக்கினாள்.

சென்டரின் வெளியறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், எதிரில் ஜெபராணி அக்கா, அவர் மகள் ஜாய்ஸும் பேசாத பிள்ளை, வளர்ந்த பெண், அக்காதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவர், என்ன தம்பி, இன்னைக்கு என்னத்தத் தலையில கட்டுனாங்க, என்று கேட்பார், ஒண்ணும் இல்லக்கா, அய்யய்யோ, அப்ப மேடத்துக்கு ஒடம்பு சரியில்லையா என்னன்னு விசாரி, என்பார், ஒருநாள் செவ்வந்தி வகுப்பிலிருந்து வெளியே வந்தபோது தாடையின் இரண்டு பக்கமும் சிவந்து கிடந்தது, விரல் பதிந்த சிவப்பு, முகத்தைப் பிடித்துத் திருப்பி என்னைப் பார், என்னைப் பார் என்று பழக்குகிறார்கள், பார்த்தால் ஒரு மிட்டாய், இது பயிற்சி என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள், அக்கா அந்தத் தாடையைப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது, இவ அட்டையில வேண்டாம் இருக்கா, என்றார், என்ன வேண்டாம்க்கா, வேண்டாம்னு சொல்ற அட்டை தம்பி, செவப்பா, கைய விரிச்சுத் தள்ளுற மாதிரி, பையைத் திறந்து ஜாய்ஸின் அட்டைகளை எடுத்தார், அதே கம்பெனி, அதே பனிக்கட்டித் தண்ணீர், அதே கரடி, கூடவே ஒரு சிவப்பு அட்டை, நான் பெட்டியவே வெளிக் கடையில வாங்குனேன், இவங்ககிட்ட வாங்கல, எங்கள் பெட்டியில் அது இல்லை, பெட்டிக்குள் ஓர் அட்டைக்கான குழி மட்டும் காலியாக இருந்தது எனக்கு நினைவு வருகிறது, பொம்பளப் பிள்ள தம்பி, நாளைக்கு எவன் வந்து தாடையப் பிடிச்சாலும் மிட்டாய் வரும்னு நிக்கணுமா, அதுக்கா படிக்க வைக்கிற, என்றார் அக்கா, எழுந்து மேடத்தின் அறைக்குப் போனேன்.

சென்டரை நடத்தும் நளாயினி மேடம் கத்துகிறவர் இல்லை, கத்தினாலாவது பரவாயில்லை, புன்னகையோடு உட்காரச் சொன்னார், அந்த கார்டா சார், அதை நாங்களே எடுத்துடுவோம், எல்லாப் பெட்டியிலேருந்தும் எடுத்துட்டுத்தான் குடுப்போம், ஏன் மேடம், அதைக் குடுத்தா எதுக்கெடுத்தாலும் அதையே நீட்டுவாங்க சார், வகுப்பே நடக்காது, மொதல்ல சொன்னபடி கேக்கப் பழகட்டும், வேண்டாம்லாம் அப்புறம், அப்புறம்னா எப்ப மேடம், அது பிள்ளையோட முன்னேற்றத்தைப் பொறுத்தது, என்று சொல்லிக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார், ஒளித்துக்கூட வைக்கவில்லை, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு, எல்லாம் சிவப்பு, எத்தனை பிள்ளைகளுடையதோ, மேலே இருந்த அட்டையில் விரிந்த கை என்னைப் பார்த்து நின்றது, திருடினேன் என்று அந்தம்மாவுக்குத் தோன்றவே இல்லை, குழந்தைகளிடமிருந்து கத்தரிக்கோலை எடுத்து வைப்பதுபோல எடுத்து வைத்திருக்கிறார், தண்ணீர் கேட்கலாம், ரொட்டி கேட்கலாம், கரடியைக்கூடக் கேட்கலாம், என்னைத் தொடாதே என்று மட்டும் சொல்லக் கூடாது, எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாடம், எனக்காவது சம்பளம் கொடுத்தார்கள், கழற்றி வைத்துவிட்டு வர ஒரு மேசை இருந்தது.

வீட்டில் நாங்களே செய்தோம் அந்த அட்டையை, செவ்வந்தி உப்புமாத் தட்டைத் தள்ளுகிறபோது செண்பகம் சடாரென்று படம் பிடித்தாள், உப்புமா கொஞ்சம், தள்ளுகிற சின்னக் கை நிறைய, சுற்றிலும் சிவப்புக் கோடு, சுவரில் ஒட்டியதும் அவள் அதை மோந்து பார்த்தாள், அவ்வளவுதான், மறுநாள் குளிக்கக் கூப்பிட்டேன், பிய்த்து எடுத்து வந்து கையில் வைத்தாள், சரி, அப்புறம் குளிக்கலாம் என்றேன், நம்பாமல் நின்று பார்த்தாள், பக்கெட்டை உள்ளே வைத்ததும் ஒரு குதி குதித்தாளே, அப்புறம் அடைமழைதான், இட்லிக்கு வேண்டாம், சாக்ஸுக்கு வேண்டாம், நான் பாடினால் வேண்டாம், சித்தப்பா வீடியோவில் கூப்பிட்டால் போன் திரையிலேயே கொண்டுபோய் ஒட்டினாள், பிள்ளைக்கு நல்ல புத்திதான் இருக்கு, யாருகிட்ட வந்ததோ, என்று செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், மேடம் சொன்னது சரிதாங்க, எதுக்கெடுத்தாலும் நீட்டுறா, சரியாகத்தான் சொன்னார், பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த வேண்டாம் எல்லாம் வெளியே வரவேண்டாமா, தீர்ந்ததும் இட்லியைத் தின்றாள், குளித்தாள், புறங்கைக் காய்ப்பில் புதுப் பல்தடம் விழவில்லை, நேற்று அந்த அட்டையை அவள் சட்டையில் குத்தி சென்டருக்கு அழைத்துப்போனேன், வகுப்பு முடிவதற்குள் மேடம் அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார், இது வீட்டோட இருக்கட்டும் சார், இங்க வேணாம், ஜூன்ல ஸ்கூலுக்கு நாங்கதான் லெட்டர் குடுக்கணும், உங்களுக்குத் தெரியாததில்ல, அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தில் இவளைச் சேர்க்கமாட்டார்கள், வேறு பள்ளிக்கூடங்கள் வாசலிலேயே அனுப்பிவிட்டன, ஜூன் வரைக்கும் பல்லக் கடிச்சுக்குவோங்க, என்றாள் செண்பகம், அவள் சொன்னதிலும் தப்பில்லை, அந்தப் பள்ளிக்காக அவள் ஏறி இறங்காத படி இல்லை, சரி என்றேன், அட்டையைச் சுவரில் மாட்டினேன்.

அதனால்தான் இன்றைக்கு அது இல்லாமல் கிளம்புகிறோம், இழுக்கிறாள், ஹாலைத் தாண்டி, ஷோகேஸைத் தாண்டி, அடுப்படிக் கதவு வரைக்கும், என் மணிக்கட்டில் அவள் நகம் பதிகிறது, வாசலில் ஆட்டோ ஹாரன், போதும் செவ்வந்தி, நேரமாச்சு, திரும்பி அவள் மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன், மறுகையில் வைத்திருந்த ஷூவோடு குனிகிறேன், அவள் கத்தவில்லை, கடிக்கவில்லை, உடம்பை நீட்டி, சும்மா இருக்கிற கையை நீட்டி, சுவரிலிருந்து அந்த அட்டையைப் பர்ரென்று பிய்த்தாள், என் ஷூ பிடித்த கையின்மேல் வைத்தாள், சின்னக் கை, சிவப்புக் கோடு, போன் அடித்தது, ஷூவையும் அட்டையையும் தரையில் விட்டு அந்தக் கையால் எடுத்தேன், செண்பகம், கெளம்பியாச்சா, இல்ல, ஏன், வேண்டாங்கிறா, யாரு, இவதான், சென்டரே வேண்டாங்கிறா, அந்தப்பக்கம் வங்கியில் யாரோ கையெழுத்து எங்க போடணும் என்று கேட்பது கேட்கிறது, நான் சொல்கிறேன், அங்க வேண்டாம்னு சொல்ல முடியாது செண்பகம், இங்க சொல்லிட்டா, இதையும் கேக்கலேன்னா அப்புறம் இந்த அட்டையும் அந்தக் கரடியும் ஒண்ணுதான், ஆட்டோ மறுபடி ஹாரன் அடிக்கிறது, ஸ்கூலுக்கு என்ன பண்றது, என்கிறாள், தெரியல, என்கிறேன், சரி, என்கிறாள், ஆட்டோவ அனுப்பிருங்க, ஷூவக் கழட்டிட்டுப் பிள்ளைக்கு ஏதாச்சும் குடுங்க, மத்தத நான் வந்து பேசிக்கிறேன், போனை வைத்தேன், பெரிய காரியம் செய்துவிட்டவன்போல அவளைப் பார்த்துச் சொல்கிறேன், போகல செவ்வந்தி, இனிமே போகல, அவள் நகரவில்லை, நின்றுகொண்டே இருக்கிறாள், தரையில் விழுந்த அட்டையைக் குனிந்து எடுத்தாள், திரும்பவும் என்மேல் வைக்கிறாள், இம்முறை ஷூ பிடித்த கையில் இல்லை, என் விரல்கள்மேல், அவள் மணிக்கட்டைச் சுற்றி இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிற என் விரல்கள்மேல், வைத்து அழுத்தி, என் முகத்தைப் பார்க்கிறாள், யாரும் தாடையைப் பிடித்துத் திருப்பாமல், பார்க்கிறாள், விட்டேன்.