ஞானமேரி பேரில் ஆறு வாரம்

"முழுப் பேரச் சொல்லும்மா" என்று பேனா மூடியைக் கழற்றினார் தீர்த்தம்மாள் டீச்சர்.

நான் போடும் மதராஸ் காலேஜ் மனுவோடு, கோடை வகுப்பு எடுத்தவரின் சிபாரிசுக் கடிதமும் வேண்டும். சனிக்கிழமைத் தபாலில் போகாவிட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் என்றால் எங்கள் வீட்டில் கல்யாணம் என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். தர்மபுரியில் டீச்சர் நடத்திய ஆறு வார இங்கிலீஷ் வகுப்புக்கு மனுப் போட்டது என் அக்கா ஞானமேரி. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் எங்கள் சனங்கள் தாலி கட்டமாட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் ஊரே கல்யாணத்துக்கு முண்டியடிக்கும். அந்த நெரிசலில் அக்காவுக்கும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிட்டார்கள். வகுப்பு தொடங்கியதும் கல்யாணம் வந்த அதே வாரம். "கெடைச்ச எடத்த எதுக்கு உடணும்? நீ போ. பேரா படிக்கப் போவுது?" என்றார் அப்பா. நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி ஆறு வாரம் அக்கா பேருக்கு "பிரசன்ட் டீச்சர்" சொன்னேன்.

"நான் ஞானமேரி இல்லீங்க டீச்சர். அவ தங்கச்சி, இசபெல்லா. அக்கா எடத்துல வந்தனுங்க. தப்புதானுங்க."

டீச்சர் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"மொத வாரமே தெரியும். மனுவுல இருந்த எழுத்து முத்து முத்தா இருந்திச்சு. உன்னுது கோழி கிண்டுன மாதிரி இருக்கு."

"அப்ப ஏனுங்க வெளிய அனுப்பல?"

"நீயா எப்ப சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன். அதோட, அந்த வகுப்புல கேள்வி கேட்டது நீ ஒருத்திதான."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த அம்மாளை நினைத்தால் இன்றைக்கும் என் கை தானாகக் கும்பிடும்.

எழுதி முடித்துக் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். அக்கா பேரில் வந்ததையும் எழுதியிருந்தார்.

"இத எழுதணுங்களா டீச்சர்?"

"எழுதணும். நாளைக்கு வேற யாராச்சும் சொன்னா என் கடுதாசியே பொய்யாயிடும். கீழ படி."

ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவள் இந்த இசபெல்லாதான், இவளுக்கு இடம் கொடுத்தால் நீங்கள் வருந்தமாட்டீர்கள் என்று இருந்தது. காலேஜில் என்ன நினைப்பார்களோ, யார் கண்டது.

டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்தார். ஞானமேரி என்ற பேரின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் என் பேரை எழுதினார். பிறகு வகுப்பில் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார்.

"இசபெல்லா."

"பிரசன்ட் டீச்சர்" என்றேன்.

கடிதத்தில் மை இன்னும் காயவில்லை. மடிக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்தேன்.