வாடகைச் சடை

ஐப்பசியில் வந்த டெங்கு காய்ச்சல் பிரகதீஸ்வரியைப் பத்து நாளில் விட்டுவிட்டது. முடியை விடவில்லை. அடுத்த இரண்டு மாதமும் கொத்துக் கொத்தாய்ச் சீப்போடு வந்தது. மாசியில் கல்யாணம். தை பிறந்தபோது வகிடு பைபாஸ் ரோடு மாதிரி அகன்றுவிட்டது. மிச்சத்தை ரப்பர் பேண்டில் சுற்றினால் சுண்டுவிரல் கனம்கூட இல்லை.

இது கறம்பக்குடியில் ஒருவருக்கும் தெரியாது என்பது அவள் அப்பா ஆவுடையப்பனின் உறுதியான நம்பிக்கை. அவள் கணக்கு நடத்தும் ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் தெரியும்.

வைகாசியில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, அறந்தாங்கி சொர்ணம், காபியைத் தொடுவதற்கு முன் சடையைத் தொட்டாள். நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்து, "சொந்த முடிதான்" என்று சான்றிதழ் கொடுத்தாள். அன்றிலிருந்து ஆவுடையப்பனின் உரக்கடைக்கு யூரியா வாங்க வந்தவர்களெல்லாம் அந்தச் செய்தியையும் சேர்த்து வாங்கிப் போனார்கள். "முடியப் பாத்துத்தான்யா எம் பொண்ணக் கேட்டாங்க!" கடைத்தெரு முக்கத்தில் ஆவுடையப்பன் வைத்த பிளக்ஸில் மணமகள் இடுப்புவரை முதுகைக் காட்டி நின்றாள். சடை மேலிருந்து கீழ்வரை தொங்கியது. மாப்பிள்ளை சேரன் அதன் ஓரத்தில், பாஸ்போர்ட் போட்டோ அளவில், ஒண்டிக்கொண்டிருந்தான்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மணப்பெண் அலங்காரம் செய்யும் செவந்தி புதுக்கோட்டையிலிருந்து ட்ரயல் பார்க்க வந்தாள். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒனக்குக் கொண்டைதான் நிக்கும் பாப்பா. சின்னதாப் போட்டு மல்லியச் சுத்திடலாம். தலையும் வலிக்காது."

"அதையே போடுங்கக்கா" என்றாள் பிரகதி.

"கொண்டையா?" ஆவுடையப்பன் நாற்காலியோடு நகர்ந்து வந்தார். "கொண்டை போட்டா, உள்ள என்னத்தையோ ஒளிக்கிறாகன்னு ஊரு பேசாது?"

"ஒளிக்கத்தானப்பா செய்யுறோம்."

"அது நமக்குத் தெரியும். ஊருக்கு எதுக்குத் தெரியணும்? சவுரி வச்சுச் சடை போடும்மா. முழங்கால் வரைக்கும் வரணும்."

"பிளக்ஸ்லயே இடுப்பு வரைக்கும்தானண்ணே இருக்கு?"

"அது வைகாசியில எடுத்தது. இம்புட்டு நாள்ல வளந்திருக்காதா?"

செவந்தி பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே நீளமான சவுரியைத் தேடினாள்.

"அப்பா, அவருக்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுறேனே" என்றாள் பிரகதி.

"சொல்லி, நின்னுபோச்சுன்னா? பத்திரிகை வச்ச வீடு அத்தனைக்கும் நீ போயிப் பதில் சொல்லுவியா ஆத்தா? தாலி ஏறட்டும். பெறகு யாரு கேக்கப் போறா?"

அவள் அதற்கு முன்பே முயன்று பார்த்திருந்தாள். சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சேரனுக்கு ஒருநாள், 'உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்' என்று அனுப்பினாள். 'சொல்லு' என்று உடனே வந்தது. அரைமணி நேரம் அந்தச் சொல்லையே பார்த்திருந்துவிட்டு, 'சாப்பிட்டீங்களா' என்று அனுப்பினாள். வீடியோவில் பேசும்போதெல்லாம் துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். அவன் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு பூரித்துப்போனான்.

முகூர்த்த நாளில் செவந்தியின் வாடகைச் சவுரி ஏறியது. முப்பது கொண்டை ஊசி. அதன்மேல் வரிசையாகச் சடை பில்லைகள், அதன்மேல் பூ. "கழுத்த ஆட்டாத, இழுத்துக்கிட்டு வந்துரும்" என்றாள் செவந்தி. பிரகதி பச்சை மண்பானை சுமக்கிறவள் மாதிரி மேடைக்கு நடந்தாள். அப்பா முன்வரிசையில் நின்றுகொண்டு, சடையைப் பார்க்காதவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கெட்டிமேளம் முழங்கியது. சேரன் இரண்டு முடிச்சு போட்டான். மூன்றாவது முடிச்சு நாத்தனாருடையது. அவன் தங்கை கார்முகில் பின்னால் வந்து நின்றாள். பெயர்தான் கார்முகில், முடி தோளைத் தாண்டாது.

"அண்ணி, சடையக் கொஞ்சம் தூக்குங்க. கையே போக மாட்டேங்குது."

தூக்கினால் ஊசி பிடுங்கிக்கொள்ளும். பிரகதி அசையவில்லை. மேளக்காரர்கள் உச்சத்தில் இருந்தார்கள், அட்சதை கண்ணில் விழுந்தது. கார்முகில் கைக்கு அகப்பட்டதை எல்லாம் சேர்த்து, இறுக்கி, நன்றாக முடிச்சுப் போட்டாள்.

முதல் பந்தி நடக்கும்போது செவந்தி மணமகள் அறைக்கு ஓடிவந்தாள். "சீக்கிரம் கழட்டணும் பாப்பா. சாயங்காலம் பொன்னமராவதியில ரிசப்ஷன். அந்தப் பொண்ணுக்கும் இதே முடிதான்."

ஊசிகளை எடுத்தாள். மேலே எல்லாம் கழன்றது. பிடரியில் மட்டும் கழலவில்லை. குனிந்து பார்த்தவள் நெஞ்சில் கை வைத்தாள். சவுரி முடியில் ஒரு கற்றை, மஞ்சள் கயிற்றின் மூன்றாவது முடிச்சுக்குள் இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினாள், ஊசியால் குத்தினாள். கார்முகில் போட்டது சாமானிய முடிச்சு இல்லை.

ஆவுடையப்பன் வந்து பார்த்தார். "தாலிக்கயித்துல கத்தரி படக்கூடாது!"

"முடிய வெட்டிடலாம்பா."

"எம் முடிண்ணே அது!" என்று அலறினாள் செவந்தி.

"யாரும் எதையும் வெட்ட வேணாம். மறுவீடு முடியிற வரைக்கும் அப்படியே தலையில வச்சுக்க. படுக்கையில மட்டும் ஒருக்களிச்சுப் படு ஆத்தா."

பிரகதிக்கு அழுகை வரவில்லை. "அவரக் கூப்பிடுங்க" என்றாள். அப்பா அசையாததால் அவளே போன் செய்தாள்.

சேரன் மாலையோடு வந்தான். அவள் முக்காடில்லாமல், பாதி கழன்ற சடையோடு நின்று, காய்ச்சலிலிருந்து முடிச்சுவரை எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அந்த வகிட்டை நெடுநேரம் பார்த்தான்.

"இப்ப ஒடம்பு தேவலையா?"

"ம்."

இந்த மனுஷனிடமா இத்தனை நாள் பயந்தோம் என்று அவள் நினைக்கத் தொடங்கினாள். அதற்குள் அவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியவே வேணாம். ஊரு பூரா முடி முடின்னு சொல்லி வச்சிருக்காங்க. நான் சிங்கப்பூர்லேருந்து இதவிட நல்ல முடியா அனுப்புறேன். வீட்டுல இருக்கப்பயும் வச்சுக்க. பழகிரும்."

"மாப்பிள்ளைன்னா இவருதான்யா மாப்பிள்ளை!" ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரகதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையிலிருந்து இரண்டு பேருக்கும் இடையில் முகச்சாடை ஒன்றும் தெரியவில்லை, இப்போது தெரிந்தது. செவந்தியின் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். கயிறு தப்பியது. சவுரி அறுந்து தரையில் விழுந்தது. முடிச்சுக்குள் யாருடையதோ முடி மட்டும் குஞ்சம் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏய், எங்க போற?" என்றான் சேரன்.

"அத்தைகிட்ட."

பந்தியில் சொர்ணம் இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தாள். வழிநெடுக இலைகளில் கைகள் நின்றன. பிரகதி அவள் இலைக்கு எதிரே போய் நின்றாள்.

"அத்தே, காய்ச்சல்ல கொட்டிருச்சு. காலையில பாத்தது வாடகை முடி. முன்னாடியே சொல்லிருக்கணும்."

சொர்ணத்தின் கண் அந்த வகிட்டில் நின்றது. ரச வாளியைச் சாய்த்த பரிமாறுகிறவரும் மணப்பெண்ணின் தலையைப் பார்த்தபடி நிமிர்த்த மறந்தார். ரசம் சோற்றை மூழ்கடித்து, இலையைத் தாண்டி, சம்பந்தியம்மாவின் பட்டுச்சேலை மடியில் இறங்கியது. சொர்ணத்துக்கு அது உறைக்கவில்லை. பிரகதியும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.