முதல் எறும்பு

கேள்வி கேட்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அந்தக் கல்லூரியில் கையக்காதான். காது கேளாத மாணவி ஒருத்திக்காக, பேராசிரியர் வாயால் சொல்வதைக் கையால் சொல்ல வேண்டும். மாணவி கையால் கேட்பதை வாயால் கேட்க வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் என்று அடையாள அட்டையில் போட்டிருந்தது. அதை யார் முழுசாகச் சொல்லிக்கொண்டிருப்பது? கையக்கா என்று மாணவர்கள் சுருக்கிவிட்டார்கள்.

அவளைத் தெரிந்தவர்கள், இந்த வேலைக்கு இவளா என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் எதற்குப் பெருமூச்சு விட்டார் என்று தெரியாமல் இறங்கினால் அவளுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவள் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று உயிரியல் பாடம் முழுவதையும் கேட்டுவிட்டு, ஒரு சந்தேகமும் கேட்காமல் வீட்டுக்குப் போக வேண்டும்.

மாணவியின் பெயரைக் கையால் சொல்ல, நெற்றியோரம் இரண்டு விரலைச் சடாரென்று இழுப்பார்கள். மின்னல். பேச்சு அவ்வளவு வேகம். முதல் வருஷம் முழுவதும் அவளுக்கு மொழிபெயர்க்க ஆளே இல்லை. பக்கத்தில் இருப்பவளின் நோட்டை எட்டி எட்டிப் பார்த்தே ஒப்பேற்றினாள். நிர்வாக அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கெஞ்சி, சண்டை போட்டு, கடைசியில் வாங்கிய ஆள்தான் கையக்கா. மொத்தக் கல்லூரிக்கும் ஒரே ஆள்.

வந்த முதல் நாளே மின்னல் கறாராகச் சொல்லிவிட்டாள். "என் கை பேசாததை உங்க வாய் பேசக்கூடாதுக்கா."

"சத்தியமா" என்று கையக்கா தலையாட்டினாள். ஆட்டும்போது உண்மையாகத்தான் ஆட்டினாள்.

எல்லாம் எறும்பில் வந்து மாட்டிக்கொண்டது. முன்னே போன எறும்பு தரையில் ஒரு வாசனையை விட்டுப் போகும், பின்னால் வருபவை அதைப் பிடித்துக்கொண்டு போகும் என்று பேராசிரியர் நடத்திக்கொண்டிருந்தார். கையக்காவின் விரல்கள் மேசை விளிம்பில் வரிசையாக ஊர்ந்தன. மனசோ அவள் வீட்டுச் சமையலறைக்குப் போய்விட்டது. காலையில்தான் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை எறும்பைப் பார்த்திருந்தாள். முன்னால் யாரும் போகவில்லை, பிடித்துக்கொள்ள ஒரு வாசனையும் இல்லை. அது எப்படி வீட்டுக்குத் திரும்பும்?

மண்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டது. யாராவது கேட்பார்கள் என்று வகுப்பைப் பார்த்தாள். ஒருவன் கொட்டாவி விட்டான்.

"ஏதாவது சந்தேகம்?" என்றார் பேராசிரியர்.

மின்னல் கை தூக்கினாள். "இது பரீட்சைக்கு வருமா?"

"இது பரீட்சைக்கு வருமா சார்?" என்றாள் கையக்கா. அங்கே நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "அப்புறம், முன்னால யாருமே போகாத பாதையில போற முதல் எறும்பு எப்படி சார் வீடு திரும்பும்?"

பேராசிரியர் பரீட்சையை மறந்தே போனார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மின்னலையே பார்த்தார். "இத்தனை வருஷமா நடத்துறேன், இதை யாரும் கேட்டதில்லைம்மா!"

பாலைவனத்து எறும்பு ஒன்று உண்டாம். திசைக்குச் சூரியனைப் பார்த்துக்கொள்ளுமாம். தூரத்துக்குத் தன் அடிகளையே ஏதோ ஒரு வகையில் கணக்கு வைத்துக்கொள்ளுமாம். அதைக் கண்டுபிடிக்க, இரை எடுத்துத் திரும்பும் எறும்புகளின் காலில் ஆராய்ச்சிக்காரர்கள் பன்றி முடியை ஒட்டிப் பொய்க்கால் கட்டிவிட்டார்கள். அடி நீண்டுபோனதால் எறும்புகள் கூட்டைத் தாண்டிப் போய், வீட்டைக் காணோமே என்று அங்கே தேடின. வகுப்பே சிரித்தது. கையக்கா தன் விரல்களைப் பொய்க்காலில் நடக்கவிட்டுத் தானும் சிரித்தாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு.

மின்னல் மட்டும் சிரிக்கவில்லை. பரீட்சைக்கு வருமா என்று கேட்டதற்கு எறும்புக்கு ஏன் பொய்க்கால் கட்டுகிறார்கள் என்று திருதிருவென விழித்தாள்.

"நாளைக்கு என் அறைக்கு வாம்மா. ஆராய்ச்சிக் குழுவில ஒரு இடம் இருக்கு, பேசலாம்" என்றார் பேராசிரியர்.

அந்தக் குழுவில் சேர வேண்டும் என்பது மின்னலின் நெடுநாள் ஆசை. கையக்கா அவர் சொன்னதைக் கையால் சொன்னாள்.

வராந்தாவில் மின்னல் வழிமறித்தாள். "அந்த எறும்புக் கேள்வியை யார் கேட்டது?"

"அது வந்து... சார் தானாவே..."

"அக்கா."

இனிப் பூசி மெழுக முடியாது. "நான்தான்" என்றாள் கையக்கா.

மின்னலின் கைகள் வேகமாக வரும் என்று எதிர்பார்த்தாள். மெதுவாக, சின்னதாக வந்தன. "இங்க என் பேச்சை யாரும் கேட்டதில்ல. உங்க வாய் வழியாத்தான் கேக்குறாங்க. அதுல வர்றது நானா நீங்களான்னு எனக்கே தெரியலைன்னா நான் எங்க போவேன்? உங்களை அனுப்பிட்டா எனக்கு அடுத்த ஆள் கிடையாது. அது தெரிஞ்சும் செஞ்சீங்க."

கையக்காவுக்கு அவமானத்தில் காது சுட்டது. மன்னிப்புக் கேட்கக் கை எழுவதற்குள் மின்னல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்க்காதவளிடம் கையால் என்ன சொல்ல முடியும்?

வீட்டுக்குப் போய்த் தம்பியை வீடியோவில் அழைத்தாள். அவனுக்கும் காது கேட்காது. இந்த மொழியை அவனிடம்தான் கற்றுக்கொண்டாள். நடந்ததைக் கையால் சொல்லி முடித்தபோது அவன் கொஞ்சமும் அதிரவில்லை.

"நீ சின்ன வயசுலயும் அப்படித்தானேக்கா. தம்பிக்கு இன்னொரு ஐஸ்கிரீம் வேணுமாம்னு அப்பாகிட்ட வாங்கி நீயே தின்னுடுவ. எனக்கு வேணுமான்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பேராசிரியரின் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். "அந்தக் கேள்விக்காகவே இடம் உனக்குத்தான்" என்றார் அவர். கையக்கா மொழிபெயர்த்தாள்.  மின்னல் கையால் பதில் சொன்னாள்.

கையக்காவுக்குப் பகீரென்றது. இதை அப்படியே சொன்னால் வேலை போகலாம். மின்னலுக்குக் கிடைத்த இடமும் போகலாம். "ரொம்ப நன்றி சார்" என்று மாற்றிச் சொன்னால் அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கு நல்லது செய்வதாகக்கூட நினைத்துக்கொள்ளலாம். ஐஸ்கிரீம் வாங்கும்போதும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

வாயைத் திறந்தாள். "அந்தக் கேள்வி என்னோடது இல்ல சார். எனக்கு மொழிபெயர்க்கிறவங்க என்னைக் கேக்காம அவங்களாவே கேட்டது."

பேராசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப இதைச் சொல்றது யாரு?"

"அவ சொல்றா சார்" என்றாள் கையக்கா. அதையும் கையால் சொல்லிக்கொண்டே, "நான் செஞ்சது உண்மை" என்றும் சேர்த்தாள்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்போ இடத்தைப் பத்தி நான் மறுபடியும் யோசிக்கணும்மா. சரி, நீ என்னதான் கேட்ட?"

"பரீட்சைக்கு வருமான்னு. நீங்க இன்னும் பதிலே சொல்லல சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மின்னலின் கைகள் அதோடு நிற்கவில்லை, பழைய வேகத்துக்கு வந்துவிட்டன. கையக்கா ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் பின்னாலேயே ஓடினாள். "நேத்து ராத்திரி ஒண்ணு யோசிச்சேன். அந்தப் பொய்க்காலைக் கழற்றாம, அடுத்த தடவை அதே காலோட கூட்டைவிட்டுக் கிளம்பினா, எறும்பு சரியா வீடு திரும்புமா?"

"திரும்பும்!" பேராசிரியர் எழுந்தே விட்டார். "போகும்போதும் நீள அடி, வரும்போதும் நீள அடி. கணக்கு சரியாயிடும். அந்த ஆராய்ச்சிக்காரங்களும் அதைத்தான் செஞ்சு பார்த்தாங்க." நிதானத்துக்கு வந்து, "திங்கக்கிழமை ஆய்வகத்துக்கு வாம்மா. இடம் கேட்டிருக்கிற மத்தவங்களோட உன்னையும் சேர்த்துப் பார்க்குறேன்" என்றார்.

சரி என்று தலையாட்டிய மின்னல் கையக்காவின் பக்கம் திரும்பினாள். நேற்றைக்கு அப்புறம் இப்போதுதான் முகத்தைப் பார்க்கிறாள். "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா? உங்க பேர்ல கேளுங்க."

எறும்பைப் பற்றி அவளிடம் ஒரு மூட்டைக் கேள்வி இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, வாயாலும் கையாலும் சேர்த்தே கேட்டாள். "திங்கக்கிழமை நான் வரலாமா?"

"என்னையா கேக்குறீங்க?" என்றார் பேராசிரியர்.

"இல்ல சார். அவளை."

மின்னல் யோசித்தாள். அந்த யோசனை முடிவதற்குள் கையக்காவுக்கு உயிர் போய் வந்தது. பிறகு மின்னலின் கை அசைந்தது. கையக்கா அதை உரக்கச் சொன்னாள்.

"வாங்க. உங்க கேள்வியெல்லாம் வகுப்பு முடிஞ்சப்புறம்."